இரண்டாவது கீப்பர் யார்? மூத்தவருக்கும் இளையவருக்கும் நடுவே தேர்வு செய்யும் ஹாக்கி கிளப்புகளுக்கு முழுமையான வழிகாட்டி

முதல் கீப்பர் யார் என்பதில் கிளப்பில் பெரும்பாலும் சண்டை வராது. சண்டை வருவது இரண்டாவது இடத்துக்குத்தான். ஒரு பக்கம் 35 வயதைத் தாண்டியவர். லீக்கில் பல வருடம் நின்றவர், இப்போது வேலையும் குடும்பமும் போக மிஞ்சும் நேரத்தில் பயிற்சிக்கு வருகிறார். இன்னொரு பக்கம் படிவம் 5 படிக்கும் 17 வயதுப் பையன். மாநில வயதுப் பிரிவில் ஆடுகிறான், அவன் கால் வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கமிட்டியில் பாதிப் பேர் அனுபவம் வேண்டும் என்பார்கள், மீதிப் பேர் எதிர்காலத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். ஒரு மணி நேரம் பேசினாலும் இந்த இரண்டு வாதமும் ஒன்றை ஒன்று தொடவே தொடாது.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது ஒரே விஷயம்: இந்த சீசனில் இரண்டாவது கீப்பர் எத்தனை நிமிடம் ஆடப்போகிறார், எந்தச் சூழ்நிலையில் உள்ளே போகப்போகிறார். இது தெரியாமல் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அது ஊகம்தான். கீழே உள்ளது கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரத்தில் திடல் ஹாக்கி ஆடும் கிளப்புகளை மனதில் வைத்து எழுதியது. பினாங்கிலோ ஈப்போவிலோ இருப்பவர்களும் ஆட்ட எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம். பெண்கள் அணிக்கும் இதே முறைதான்.

படி 1: நிமிடத் தாள் போடுங்கள்

ஒரு தாளில் சீசனின் எல்லா ஆட்டங்களையும் வரிசையாக எழுதுங்கள். லீக், கோப்பை, நட்பு ஆட்டம் எதையும் விடாதீர்கள். பிறகு முதல் கீப்பரை உட்கார வைத்து ஒவ்வொரு தேதியாகக் கேளுங்கள்: ஷிப்ட் வேலை உண்டா, வெளியூர் பயணம் உண்டா, வீட்டில் கல்யாணம் காட்சி உண்டா, தேசிய அல்லது மாநிலப் பயிற்சி முகாம் அழைப்பு வருமா? அவர் உறுதியாக வர முடியாத ஆட்டங்களை வட்டமிடுங்கள். அடுத்து பயிற்றுநர் தன் பங்குக்கு, எந்தெந்த ஆட்டத்தில் இரண்டாவது கீப்பரை முழுதாக இறக்கத் தயார் என்று குறிக்க வேண்டும். "பார்க்கலாம்" என்ற பதிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த ஆட்டம் வரும்போது பயிற்றுநர் முதல் கீப்பரைத்தான் இறக்குவார்.

ஓர் உதாரணம். 14 லீக் ஆட்டம், 4 கோப்பை ஆட்டம், 6 நட்பு ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடக் கால் பகுதி நான்கு, ஆக ஓர் ஆட்டம் 60 நிமிடம். முதல் கீப்பர் 2 லீக் ஆட்டத்துக்கு வரமாட்டார்: 120 நிமிடம். பயிற்றுநர் இன்னும் 2 லீக் ஆட்டத்தைக் கொடுக்கிறார்: 120. நட்பு ஆட்டங்களில் பாதிப் பாதி: 180. மொத்தம் 420 நிமிடம், அதாவது ஏழு முழு ஆட்டம்.

300 நிமிடம், அதாவது ஐந்து முழு ஆட்டம், என்பதை எல்லைக்கோடாக வையுங்கள். இது விதிப் புத்தகத்தில் உள்ள எண் இல்லை, நடைமுறையில் உதவும் அளவு. அதற்குக் கீழே போனால் இளையவரை இரண்டாவது கீப்பராக எடுக்காதீர்கள். 17 வயதுக்காரனுக்கு ஒரு சீசன் பெஞ்ச் என்பது ஒரு வருட வளர்ச்சி நின்றுபோவதற்குச் சமம். கீப்பர் கலை ஆட்டத்தில்தான் வளரும். எதிரணி முன்வரிசை கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் நுழையும்போது எந்தத் தடுப்பாளரை எங்கே நிறுத்துவது, எப்போது வெளியே வருவது என்பதையெல்லாம் பக்கக் கோட்டருகே உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

படி 2: எந்த நேரத்தில் உள்ளே போவார்?

மொத்த நிமிடம் ஒன்று, உள்ளே போகும் விதம் வேறு. முன்கூட்டியே தெரிந்து, முழு வார்ம் அப் செய்து, முதல் விசிலிலிருந்து ஆடுவது ஒரு வேலை. மூன்றாவது கால் பகுதியில் முதல் கீப்பர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார, உடம்பு ஆறிப்போன நிலையில் ஓடிப் போய் நிற்பது முற்றிலும் வேறு வேலை.

அதிலும் மோசமான நேரம் பெனால்டி கார்னர், அதாவது தடுக்கும் அணியின் குற்றத்துக்காக எதிரணி பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் கோல் வாய்ப்பு. பெனால்டி கார்னர் கொடுத்ததிலிருந்து அது முடியும் வரை ஆட்டக்காரரை மாற்ற விதி இடம் கொடுக்காது. தடுக்கும் அணியின் கீப்பருக்குக் காயமோ இடைநீக்கமோ ஏற்பட்டால் மட்டும் விதிவிலக்கு. ஆகவே இரண்டாவது கீப்பர் முதன்முதலில் தொடும் பந்தே ஒரு டிராக் ஃபிளிக்காக (ஸ்டிக்கில் பந்தை இழுத்து வேகமாக வீசும் ஷாட்) இருக்கலாம். கார்டு வாங்கினாலும் இதே கதைதான். பச்சை கார்டுக்கு 2 நிமிடம், மஞ்சள் கார்டுக்குக் குறைந்தது 5 நிமிடம் முதல் கீப்பர் வெளியே. அந்த நேரத்துக்கு ஒரு களத்து ஆட்டக்காரரை வெளியே எடுத்துவிட்டு இரண்டாவது கீப்பரை இறக்கலாம், அணி பத்துப் பேரோடு ஆடும்.

2019-இல் விதி மாறியதிலிருந்து கவசம் இல்லாமல் கீப்பர் சலுகையோடு (காலாலும் உடம்பாலும் பந்தைத் தடுக்கும் உரிமையோடு) ஓர் ஆட்டக்காரரை நிறுத்தும் வழி கிடையாது. முழுக் கவசத்தோடு கீப்பர் இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் சாதாரண ஆட்டக்காரர்களாகத்தான் ஆட வேண்டும். பெஞ்சில் கீப்பர் இல்லாத அணி இந்தச் சூழலில் திறந்த கோலோடு ஆடும்.

நிமிடத் தாளில் இப்போது இரண்டு எண்ணிக்கை வரும்: முன்னதாகவே தெரிந்த ஆட்டங்கள், திடீர் அழைப்புகள். திடீர் அழைப்பை எண்ண முடியாதே என்று கேட்கலாம். முதல் கீப்பரின் உடம்பைப் பாருங்கள். கடந்த இரண்டு சீசனில் தொடை, முட்டி, விரல் காயத்தால் எத்தனை முறை ஆட்ட நடுவே வெளியே வந்தார்? ஒரு முறைகூட இல்லை என்றால் திடீர் அழைப்பை ஓரமாக வைக்கலாம். மூன்று நான்கு முறை என்றால் அதுதான் இரண்டாவது கீப்பரின் முக்கிய வேலை, தேர்வும் அதை ஒட்டியே இருக்க வேண்டும்.

படி 3: மூன்று நாள் சோதனை

ஒரே ஒரு மாலைப் பயிற்சியைப் பார்த்து முடிவு செய்வதுதான் கிளப்புகள் அதிகம் செய்யும் பிழை. இளையவர் அன்று சுறுசுறுப்பாக இருப்பார், மூத்தவர் வேலை முடிந்து நெரிசலில் வண்டி ஓட்டி வந்திருப்பார். குறைந்தது மூன்று வெவ்வேறு நாள் தேவை. இருவருக்கும் அதே பந்து, அதே ஷூட்டர்கள், அதே நேரம். டர்ஃபுக்கு, அதாவது செயற்கைப் புல் தளத்துக்கு, தண்ணீர் விட்ட நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். நனைந்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், காய்ந்ததில் குதிக்கும். ஒருவரை மழைக்குப் பிறகும் இன்னொருவரைக் காய்ந்த தளத்திலும் சோதித்தால் அந்த எண்களை ஒப்பிட முடியாது. கோலாலம்பூரில் மாலை இடி மின்னலுக்குப் பயிற்சி பாதியில் நிற்பது சாதாரணம் என்பதால் நான்காவது நாள் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: வட்டத்தின் விளிம்பிலிருந்து 30 ஷாட். வட்டம் கோலிலிருந்து 14.63 மீட்டர். பத்து இடப்பக்கத்திலிருந்து, பத்து நடுவிலிருந்து, பத்து வலப்பக்கத்திலிருந்து. எத்தனை தடுத்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 30 பந்தில் 24 தடுத்தவருக்கும் 21 தடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. இருவரையும் மாற்றி நிறுத்தி மறுநாள் அடித்தால் எண் தலைகீழாகலாம். எட்டு, பத்து பந்து வித்தியாசம் வந்தால்தான் அதில் செய்தி இருக்கிறது.

தடுத்த பந்து எங்கே போனது என்பதைப் பதிவு செய்தால் ஆளின் தரம் தெரியும். ஒருவர் கோலின் பின்னால் கைப்பேசியோடு நின்று படம் எடுக்கட்டும். ஒவ்வொரு பந்துக்கும் ஓர் எழுத்து. பக்கவாட்டில் வட்டத்துக்கு வெளியே போனால் அ. பின்கோட்டுக்கு வெளியே போனாலும் அ, ஏனென்றால் கீப்பர் பந்தைப் பின்கோட்டுக்கு மேல் திருப்பிவிடுவது குற்றமில்லை. காலடியில் அடங்கி அடுத்த நொடியே உதைத்து வெளியேற்றினால் ஆ. கோலுக்கு எதிரே ஐந்து மீட்டருக்குள் எதிரணிக்காரர் எட்டும் இடத்தில் விழுந்தால் இ. கிளப் ஆட்டங்களில் நேர் ஷாட்டைவிட அதிலிருந்து தெறித்து வரும் இரண்டாவது பந்தே அதிகம் காயப்படுத்தும். 30-இல் ஐந்துக்கு மேல் இ வாங்குபவரின் கிக்கர் (பாதக் கவசம்) கோணத்தைப் பாருங்கள். பாதத்தை நேராக நீட்டித் தடுக்கிறாரா, வெளிப்பக்கம் திருப்பித் தடுக்கிறாரா? இளையவரிடம் இந்தக் குறை இருந்தால் சில வாரப் பயிற்சியில் சரியாகும். மூத்தவரிடம் இருந்தால் இடுப்பு திரும்ப மறுக்கிறது என்று அர்த்தம், அது சரியாகாது.

இரண்டாம் நாள்: பெனால்டி கார்னர். பயிற்சியில் இருக்கும் உங்கள் சொந்த ஃபிளிக்கரே அடிக்கட்டும், 20 முறை. அவற்றில் 5 மட்டும் ஸ்டிக்கை ஓங்கி அடிக்கும் ஷாட், மற்றவை டிராக் ஃபிளிக். முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால் பந்து கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு, அதாவது பின்பலகை உயரத்துக்கு, மேல் இருக்கக் கூடாது. ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே கீப்பர் கடைசி நொடியில் படித்து முடிவு செய்ய வேண்டும்: கோட்டிலிருந்து இரண்டு மூன்று எட்டு வெளியே வந்து நின்றே தடுப்பதா, தரையை மூடுவதா.

பந்தோடு சேர்த்து வாயையும் கவனியுங்கள். தடுக்க நிற்பது கீப்பரைத் தவிர நான்கு பேர். முதலில் ஓடுபவர் எந்தக் கோட்டில் ஓட வேண்டும், கம்பத்தில் நிற்பவர் எந்தப் பக்கம், தெறிக்கும் பந்து யாருடையது என்பதை ஒவ்வொரு முறையும் கீப்பர்தான் சொல்ல வேண்டும். அமைதியாக நின்று 15 தடுத்தவரைவிட, நான்கு பேரையும் சரியாக நிறுத்தி 12 தடுத்தவர் ஆட்டத்தில் அதிகம் உதவுவார். ஏனென்றால் ஓடுபவர் சரியான கோட்டில் போனால் ஃபிளிக்கரால் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. மூத்தவர்கள் பெரும்பாலும் இங்கே முந்துவார்கள். குரல் எழாத பையனாக இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், தள்ளிவிடாதீர்கள். தன்னைவிடப் பெரிய அண்ணன்மார்களைப் பெயர் சொல்லி அதட்ட அவனுக்குக் கூச்சமாக இருக்கும். "ஆட்டத்தில் மரியாதை பார்க்காதே, கத்து" என்று கேப்டனே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் சில நாளில் மாறிவிடும்.

மூன்றாம் நாள் சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை, இதுதான் மிக அவசியம்: ஆறிய உடம்போடு உள்ளே போவது. இருவரையும் மற்றவர்களோடு வார்ம் அப் செய்ய விடுங்கள். பிறகு கிக்கர், பேட், செஸ்ட் கார்டு எல்லாம் அணிந்து, ஹெல்மெட்டும் கையுறையும் மட்டும் பக்கத்தில் வைத்து 25 நிமிடம் பெஞ்சில் உட்காரட்டும். களத்தில் பயிற்சி ஆட்டம் நடக்கட்டும். நேரத்தைச் சொல்லாமல் ஒருவரைக் கூப்பிடுங்கள், அதுவும் பெனால்டி கார்னருக்கு. சர்வதேச ஆட்டங்களில் பெனால்டி கார்னர் கொடுத்ததும் தயாராகச் சில விநாடி கடிகாரம் நிற்கும். நீங்கள் 40 விநாடி கொடுங்கள். தொடர்ந்து மூன்று கார்னர், பிறகு பத்து நிமிட ஆட்டம். மறுமுறை மற்றவருக்கு. முடிந்தால் மூன்று சோதனை நாட்களிலும் இதை ஒவ்வொரு முறை செய்யுங்கள்.

இதில் மூன்றைப் பாருங்கள். ஹெல்மெட் பட்டை போட்டு, கையுறை மாட்டி, கோலுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது? வந்ததும் நான்கு பேரிடமும் பேசினாரா, இல்லை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாரா? முதல் பந்துக்குக் கால் நகர்ந்ததா? பெஞ்சில் 25 நிமிடம் அவர் என்ன செய்தார் என்பதையும் ஒருவர் கவனிக்கட்டும். நல்ல இரண்டாவது கீப்பர் ஐந்து, ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து பக்கவாட்டில் கால் மாற்றி நகர்ந்து, சுவரிலோ பலகையிலோ பந்தைத் தட்டிக்கொண்டு இருப்பார். 32, 33 டிகிரி வெயிலில் முழுக் கவசத்தோடு அசையாமல் உட்கார்ந்தால் வியர்த்துச் சோர்ந்துபோவார்கள். நிழலும் தண்ணீரும் கொடுப்பது கிளப்பின் வேலை.

ஷூட் அவுட்டுக்கு (சமநிலையான ஆட்டத்தைத் தீர்க்க ஒரு ஆட்டக்காரர் கீப்பரைத் தனியாக எதிர்கொள்வது) தனி நாள் வேண்டாம், ஏதாவது ஒரு நாளின் கடைசியில் ஆளுக்குப் பத்து. 23 மீட்டர் கோட்டிலிருந்து 8 விநாடி. முதல் நான்கு விநாடிக்குள் கீப்பர் எத்தனை முறை தரையில் விழுந்தார் என்று மட்டும் எண்ணுங்கள். சீக்கிரம் விழுபவரை நல்ல முன்வரிசைக்காரர் பின்பக்கம் இழுத்து எளிதாகத் தாண்டிவிடுவார். கடைசி வரை நின்று, வேண்டுமென்றே குற்றம் செய்யாமல், ஆளைக் கோணத்துக்குத் தள்ளுபவரே தேவை. வேண்டுமென்று செய்யும் குற்றத்துக்கு எதிரணிக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் (கீப்பர் மட்டும் தடுக்க நிற்கும் நேர் ஷாட்) போய்விடும்.

ஷூட் அவுட் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் தூக்கி வைக்காதீர்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் குமார் சுப்பிரமணியம் கோலில் நிற்க, அரையிறுதியில் இந்தியாவோடு 2-2 என்று முடிந்த ஆட்டத்தை மலேசியா ஷூட் அவுட்டில் 7-6 என வென்றது. இறுதி ஆட்டம் ஜப்பானோடு 6-6. அந்த ஷூட் அவுட்டில் மலேசியா 1-3 எனத் தோற்றது. ஒரே அணி, ஒரே போட்டி, முடிவு தலைகீழ்.

படி 4: மூத்தவரிடம் பார்க்க வேண்டியவை

வயதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்க வேண்டாம். குமார் 35-ஐத் தாண்டிய பிறகும் நாட்டுக்காகக் கோலில் நின்றார். இந்தியாவின் ஸ்ரீஜேஷ் 36 வயதில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்தோடு விடைபெற்றார். கீப்பருக்கு ஆட்டத்தைப் படிக்கும் கண் வளர வருடங்கள் ஆகும், அது வந்த பிறகு உடம்பு ஒத்துழைக்கும் வரை ஆடலாம்.

உடம்பு ஒத்துழைக்கிறதா என்பதை விழுந்து எழும் வேகம் சொல்லும். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு என்று தரையில் சறுக்கித் தடுக்கச் சொல்லி, கைப்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுங்கள். தரையைத் தொட்டதிலிருந்து மறுபடி தயார் நிலைக்கு வரும் வரை நேரத்தைக் கணக்கிடுங்கள். முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. கடைசி இரண்டில் கையை ஊன்றி, முட்டியில் நின்று, பிறகுதான் எழுகிறார் என்றால் முழு ஆட்டம் தாங்க மாட்டார். ஒரு பக்கம் மட்டும் மெதுவாக இருந்தால் அந்தப் பக்க இடுப்பிலோ தொடை இடுக்கிலோ பழைய காயம் இருக்கும். வெளிப்படையாகக் கேளுங்கள், மறைக்க மாட்டார்.

இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை சோதியுங்கள். பகலில் நன்றாகத் தடுத்துவிட்டு இரவில் உயரப் பந்துக்குத் தாமதமாகக் கை தூக்கினால் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அடுத்தது மனம். வாரம் இரண்டு பயிற்சிக்கு வருவேன் என்று வாக்குக் கொடுக்காத மூத்தவரை எடுக்காதீர்கள். உள்ளே போகாத நாளிலும் முதல் கீப்பருக்குத் துணையாக நிற்பாரா என்றும் பாருங்கள். இதற்கு எளிய சோதனை உண்டு. ஒரு நட்பு ஆட்டத்தில் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு இடைவேளையிலும் எதிரணியைப் பற்றி மூன்று விஷயம் சொல்லச் சொல்லுங்கள். "அவங்க ஃபிளிக்கர் கால் அகல வெச்சா நம்ம வலது பக்கம் வருது, ஒடுக்கி வெச்சா நடுவுல" என்ற அளவுக்கு ஒருவர் பேசினால் அவர் பெஞ்சில் இருப்பதே அணிக்கு லாபம். "நான் இருந்தா அந்த கோல் போயிருக்காது" என்று மட்டுமே பேசினால் முதல் கீப்பரின் நிம்மதி கெடும். அப்படிப்பட்டவர் எவ்வளவு திறமைசாலி ஆனாலும் வேண்டாம்.

படி 5: இளையவரிடம் பார்க்க வேண்டியவை

திறமையைச் சோதனையிலேயே பார்த்துவிட்டீர்கள். மீதி எல்லாம் நாட்காட்டியும் வீடும்தான். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு, அதற்கு முந்தைய மாதிரித் தேர்வுகள், எம்.எஸ்.எஸ்.எம். எனும் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள், மாநில ஜூனியர் அணி ஆட்டங்கள் எல்லாவற்றையும் படி 1-இல் போட்ட தாளில் வேறு நிறத்தில் குறியுங்கள். நீங்கள் அவனுக்கென்று ஒதுக்கிய ஏழு ஆட்டத்தில் மூன்று அடிபடுகிறது என்றால் 420 நிமிடம் 240 ஆகிவிடும், எல்லைக்கோட்டுக்குக் கீழே. இந்த மோதலைச் சீசன் நடுவில் கண்டுபிடிக்கும் கிளப்புகள் கடைசியில் ஒருவரும் இல்லாமல் நிற்கும்.

பெற்றோரிடம் நேரில் பேசி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். போக்குவரத்தைக் கேளுங்கள். புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு எல்.ஆர்.டி. இருக்கிறது என்று சொல்வது சுலபம். கீப்பர் பை ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு. இரவு பத்து மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு படியேறி ரயில் மாறிப் போகும் பையன் மூன்றாவது வாரத்திலிருந்து பயிற்சிக்கு வரமாட்டான். ஜாலான் டூத்தாவில் துன் ரசாக் அரங்கம் என்றால் இன்னும் சிரமம். யார் ஏற்றிப் போவது, யார் இறக்கி விடுவது என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். கவசங்களைக் கிளப்பிலேயே பூட்டி வைக்க இடம் இருந்தால் அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

பெரியவர்கள் அடிக்கும் டிராக் ஃபிளிக் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும். வயதுப் பிரிவில் ஆடியவனுக்கு அந்த வேகம் புதிது. முதல் இரண்டு வாரம் முழு வேக ஃபிளிக்கைப் பத்துக்கு மேல் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பயந்த கீப்பர் தலையைத் திருப்புவான், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மாற்றுவது பெரும்பாடு. தலை திரும்புகிறதா என்று வீடியோவில் பாருங்கள், அதை வைத்தே அடுத்த வாரம் வேகத்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

கவசம் அவன் அளவுக்கு இருக்க வேண்டும். வளரும் வயதில் போன வருட கிக்கர் இந்த வருடம் பொருந்தாது. ஹெல்மெட்டைப் போட்டுத் தலையை வேகமாக ஆட்டினால் அது தனியாக ஆடக் கூடாது. கழுத்துக் காப்பு இல்லாமல் ஒரு பந்துகூட வேண்டாம். முழு செட் புதிதாக வாங்கினால் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும், இதைக் கமிட்டி தேர்வுக்கு முன்னரே பேசி முடிக்க வேண்டும். மூத்தவருடைய பழைய கிக்கரை இளையவருக்குக் கொடுத்துச் சமாளிப்பது பல இடங்களில் நடக்கிறது. இறுகிப்போன பழைய ஃபோமில் பட்ட பந்து துள்ளி வெளியே போகாது, காலடியிலேயே விழும். பிறகு அவனுக்கு இ எழுத்து அதிகம் என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

படி 6: முடிவு

நிமிடத் தாளில் 300-க்கு மேல் இருந்து, அதில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரிந்த ஆட்டங்கள் என்றால் இளையவரை எடுங்கள். சோதனையில் அவர் சற்றுப் பின்தங்கியிருந்தாலும் எடுங்கள். சீசன் முடிவில் அவர் வேறு ஆளாக இருப்பார்.

300-க்குக் கீழே, அல்லது முதல் கீப்பர் அடிக்கடி நடு ஆட்டத்தில் வெளியே வருபவர் என்றால் மூத்தவர். ஆறிய உடம்புச் சோதனையில் இளையவர் தெளிவாக முந்தியிருந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம். அப்படிப்பட்ட பையன் அரிது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, பல கிளப்புகளுக்கு இதுவே பொருந்தும். மூத்தவரை முதல் அணியின் பெஞ்சுக்கு எடுங்கள். இளையவரை உங்கள் இரண்டாவது அணியிலோ ஜூனியர் அணியிலோ எல்லா ஆட்டமும் முழுதாக ஆட விடுங்கள், பயிற்சியை மட்டும் முதல் அணியோடு செய்யட்டும். இருவர் பெயரையும் பதிவு செய்ய உங்கள் போட்டி விதி இடம் கொடுக்கிறதா, ஜூனியரில் ஆடியவர் மேலே ஆடலாமா என்பதைப் பதிவுத் தேதிக்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது தவறாகப் போவது ஒரே இடத்தில்தான்: முதல் அணிக்கு ஆள் குறையும் நாளில் பையனை இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைப்பது. அவனுக்கு அன்று ஆட்டம் இருந்தால் அவனை விட்டுவிடுங்கள்.

படி 7: இருவருக்கும் சொல்வது

வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டுத் தெரிவிக்காதீர்கள். பட்டியல் வருவதற்கு ஒரு நாள் முன்னதாக, தனித்தனியாக, நேரில் சொல்லுங்கள். காரணத்தை எண்ணோடு சொன்னால் மனக்கசப்பு குறையும்.

மூத்தவரிடம்: "அண்ணே, இந்த சீசன் தம்பியை ரெண்டாவதா எடுக்குறோம். ஏழு ஆட்டம் அவனுக்குன்னு குறிச்சாச்சு. உங்க சோதனைல குறை இல்ல. பெனால்டி கார்னர்ல ஆள் நிறுத்துறத நீங்கதான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கணும், வாரம் ஒரு நாள் வர முடியுமா? முடியாதுன்னாலும் பரவால்ல, நேரா சொல்லுங்க." அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

இளையவரிடம், அவன் தேர்வாகவில்லை என்றால்: "தம்பி, ரெண்டாவது கீப்பருக்கு இந்த வருஷம் மூணு ஆட்டம்தான் கிடைக்கும். உன்னை அங்க உட்கார வெச்சா உனக்குத்தான் நஷ்டம். ஜூனியர்ல எல்லா ஆட்டமும் நீதான். செவ்வாய்க்கிழமை எங்களோட பயிற்சி." பெற்றோருக்கும் அதே நாளில் சொல்லிவிடுங்கள்.

முதல் கீப்பரிடமும் பேச வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எந்தெந்த ஆட்டத்தில் அவர் உட்காரப் போகிறார் என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே அவர் தெரிந்திருந்தால், அந்த நாளில் முகம் சுளிக்க மாட்டார்.

படி 8: சீசன் ஓடும்போது

இளையவருக்குக் கொடுக்கும் நிமிடம் முழு ஆட்டமாகவோ, குறைந்தது முதல் இரண்டு கால் பகுதியாகவோ இருக்க வேண்டும். 4-0 என்று முன்னணியில் இருக்கும்போது கடைசி ஐந்து நிமிடம் இறக்குவது அவனுக்கு ஒன்றும் தராது. பந்தே வராது, வந்தால் ஆறிய காலோடு ஒரு கோல் வாங்குவான். ஒரு மோசமான ஆட்டத்துக்குப் பிறகு அடுத்த குறித்த ஆட்டத்தைப் பறிக்காதீர்கள். தாளில் எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

மூத்தவர் இரண்டாவது கீப்பரானால் அபாயம் வேறு மாதிரி. பயிற்சியில் முதல் கீப்பருக்குப் பந்து அடித்துக் கொடுப்பவராகவே அவர் மெல்ல மாறிவிடுவார், மூன்று மாதம் கழித்து திடீரென்று கோலில் நிற்கச் சொன்னால் தடுமாறுவார். ஒவ்வொரு பயிற்சியிலும் குறைந்தது 20 நிமிடம் ஆட்டச் சூழலில் கோலில் நிற்கட்டும். ஆறிய உடம்புச் சோதனையை மாதம் ஒரு முறை அவருக்கு நடத்துங்கள். முழு வேக ஃபிளிக் பயிற்சியை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், தொடர்ந்து அடித்தால் இடுப்பு போய்விடும்.

ஆட்ட நாளில் பெஞ்சின் கீழே ஒரு சிறு பெட்டி: மாற்றுப் பட்டைகள், இரண்டு கொக்கி, ஒட்டு நாடா, ஒரு துண்டு, மாற்று கழுத்துக் காப்பு. ஈர டர்ஃபில் கிக்கரின் அடிப்பட்டை அறுந்துபோவது அடிக்கடி நடக்கும். ஆட்டம் முடிந்ததும் கவசங்களை கார் பூட்டில் விட்டுவிடாதீர்கள். வெயிலிலும் காய வைக்காதீர்கள், ஃபோம் இறுகிவிடும். நிழலில் பிரித்துப் போட்டு மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்கக் காய விடுங்கள்.

ஐந்தாவது லீக் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு முறை, பாதி சீசனில் ஒரு முறை தேர்வைத் திரும்பப் பாருங்கள். கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. திட்டமிட்ட நிமிடத்தில் பாதியாவது அவருக்குக் கிடைத்ததா? வாரம் இரண்டு பயிற்சிக்கு வந்தாரா? முதல் கீப்பரின் உடம்பு நிலை மாறியிருக்கிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்றால் குறை பயிற்றுநரிடம் இருக்கிறது, கீப்பரை மாற்றாதீர்கள். மற்ற இரண்டில் ஏதாவது மாறியிருந்தால் இருவரையும் இடம் மாற்றலாம். மாற்றினால் அதே வாரம் புதிய நிமிடத் தாளை எழுதி, மூன்று கீப்பர்களிடமும் கையில் கொடுத்துவிடுங்கள்.